பதினாறாம் நாள் படையலும் ஒரு பெண் குதிரையும்: மதுரைப் பக்கத்து லாயம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரைக்கு வடமேற்கே, அலங்காநல்லூரைத் தாண்டி ஒரு கிராமம். இரண்டு தலைமுறையாகக் குதிரையை நம்பிப் பிழைத்த குடும்பம் அது. மாமனாரும் பிறகு கணவரும் மதுரை ரயில் நிலையத்து வாசலில் ஜட்கா ஓட்டியவர்கள். ஆட்டோக்கள் பெருகிச் சவாரி படுத்தபின், வண்டியை விற்றுவிட்டுக் குதிரைகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை அழைப்பு, காதுகுத்து, சடங்கு வீட்டுச் சீர் ஊர்வலம், கோயில் திருவிழா என்று வாடகைக்குப் போவதுதான் அதன் பிறகு வருமானம்.

ஊர்வலத்துக்குக் குதிரையைப் பிடித்துப் போனவர்கள் ஆண்கள். குதிரையை ஊர்வலத்துக்குப் போகிற நிலையில் வைத்திருந்தவர் அந்த வீட்டு அம்மா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அறுபது வயதைத் தாண்டி இறக்கும் வரை கொட்டகை அவர் பொறுப்பு. கணவர் முன்பே காலமாகிவிட்டார். மூன்று பிள்ளைகளையும் அந்தக் கொட்டகை வருமானத்தில்தான் வளர்த்தார். மூத்தவர் குதிரைகளோடு இருக்கிறார், இளையவருக்குத் திருப்பூரில் வேலை, மகள் மதுரையில் செவிலியர்.

அம்மா இறந்தது ஆடி மாதத் தொடக்கத்தில், மாரடைப்பால். அப்போது கொட்டகையில் நான்கு குதிரைகள்: ஊர்வலத்துக்குப் போகும் இரண்டு வெள்ளைக் குதிரைகள், 2 வயது ஆண் குட்டி ஒன்று, அம்மா தன் கையாலேயே வளர்த்த 12 வயதுச் செம்பழுப்புப் பெண் குதிரை ஒன்று. அடுத்த ஓராண்டில் அந்தப் பெண் குதிரைக்கு நேர்ந்ததுதான் இந்த ஆய்வின் பொருள். குடும்பத்தின் சம்மதத்தோடு, பெயர்களைத் தவிர்த்து எழுதப்பட்டுள்ளது.

அம்மாவின் நடைமுறை

அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. கீழே உள்ளவை பின்னர் பிள்ளைகளும் மருமகளும் நினைவிலிருந்து சொன்னவை, கொட்டகையில் கிடைத்த தடயங்களோடு ஒப்பிட்டுச் சேர்த்தவை.

விடியற்காலை 5 மணிக்குக் கொட்டகைக்குள் போனதும் முதலில் பார்ப்பது தரையை. ராத்திரி போட்ட லத்தி எத்தனை குவியல், உருண்டையாக ஈரத்தோடு இருக்கிறதா, கூழாகப் போயிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தீவனத்தில் கை வைப்பார். நல்ல நிலையில் உள்ள குதிரை ஒரு நாளில் 8 முதல் 12 முறை லத்தி போடும். ராத்திரி முழுக்க ஒன்றுமே இல்லையென்றால் அன்று கொள்ளு கிடையாது. இதற்கு மருத்துவக் காரணம் உண்டு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. கீழே அடைத்துக்கொண்டிருக்கும்போது மேலே போடப் போட இரைப்பை கிழியும் அபாயம்தான் கூடும்.

அடுத்தது தண்ணீர். ஒரு குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 40 லிட்டர் குடிக்கும், கோடையில் இன்னும் அதிகம். பிறகு புல், அதன் பின்புதான் தானியம். 350 கிலோ எடையுள்ள குதிரைக்கு அவர் போட்டது சுமார் 12 கிலோ பச்சைத் தீவனம், 4 கிலோ காய்ந்த தீவனம். பச்சையில் பாதிக்குமேல் அருகம்புல்லும் வரப்புப் புல்லும், மீதி கம்பு நேப்பியர். கோ-4 என்ற அந்த நேப்பியர் புல்லை மட்டும் அறுத்துப் போட்டால் வேலை மிச்சம் என்று மகன் பலமுறை சொல்லியும் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் புல்லில் ஆக்சலேட் அதிகம். அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாதக்கணக்கில் அதையே தின்னும் குதிரைக்கு எலும்பு மெலிந்து முகம் வீங்கும். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி என்பதால் தவிடும் சேர்ந்தால் இன்னும் மோசம். அம்மாவுக்கு ஆக்சலேட் தெரியாது. அதை மட்டும் தின்ற குதிரை நொண்டியதைப் பார்த்திருந்தார். ஈடுகட்ட நிலக்கடலைக் கொடி போடுவார். வேரோடு வரும் மண்ணை உதறி, பூஞ்சை வாடை அடிக்கிறதா என்று முகர்ந்து பார்த்த பிறகே போடுவார். மண் உள்ளே போய்க் குடலில் தங்கினாலும் வயிற்றுவலி, பூஞ்சை போனால் ஈரல் கெடும்.

கொள்ளை முந்தின ராத்திரி ஊறவைத்து, விரலில் நசுங்கும் பதத்துக்கு வேகவைத்து, ஆறியபின் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுப்பார். முகூர்த்த மாதங்களில் உலர்ந்த எடைக்கு ஒரு கிலோ. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, குதிரைக்கு நடை இல்லை, ஆகவே பாதி. இந்தப் பாதிக் கணக்கு அவர் உயிரோடு இருந்தவரை வேறு யாருக்கும் தெளிவாகத் தெரியாது.

மறைவுக்குப் பின் இரண்டு வாரம்

முதல் மூன்று நாள் பெண் குதிரை சரியாகத் தின்னவில்லை. மற்ற மூன்றும் தின்றன. ‘அம்மாவைத் தேடுது’ என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அது துக்கமா இல்லையா என்று தீர்மானிக்க வழியில்லை, அப்படி இருக்காது என்று தள்ளிவிடவும் முடியாது. கண்ணுக்குத் தெரிந்த மாற்றங்களைச் சொல்லலாம்: 5 மணித் தீவனம் 9 மணியானது, வாசலில் பந்தலும் ஆள் கூட்டமும், காலையில் கண்மாய்க்கரை வரை நடத்திக் கூட்டிப்போவது நின்றது, பழகிய கையும் குரலும் இல்லை. நேரம் தவறாமல் வளர்ந்த குதிரைக்கு இதில் ஒன்றே போதும், தீவனத்தை ஒதுக்க.

மூத்த மகன் எடுத்த முடிவு, கொள்ளைக் குறைக்காமல் முழு அளவு வைப்பது. ‘அம்மா இல்லைனு அதுக வயிறு வாடக் கூடாது’ என்பது அவர் சொன்ன காரணம். நான்காம் நாளிலிருந்து பெண் குதிரையும் தின்னத் தொடங்கவே, முடிவு சரி என்று பட்டது. ஆனால் மாதம் ஆடி. நடையில்லாமல் கட்டிக் கிடந்த குதிரைக்குத் தேவையைப் போல இருமடங்கு கொள்ளு இரண்டு வாரம் உள்ளே போனது. தனியாகப் பார்த்தால் இது பெரிய தீங்கு செய்திருக்காது. பதினாறாம் நாளுக்கு இது தளம் போட்டுக் கொடுத்தது.

பதினாறாம் நாள்

காரியத்துக்கு உறவும் ஊருமாக நிறையப் பேர். பசுவுக்குக் கொடுக்க ஊறவைத்த பச்சரிசியும் வெல்லமும் தயாராக இருந்தன. அம்மாவுக்குப் பிடித்தது குதிரைதானே என்று ஒரு பெரியவர் முதல் கைப்பிடியைப் பெண் குதிரைக்கு நீட்டினார். அதன் பின் வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு கை. சர்க்கரைப் பொங்கல், வாழைப்பழம். குதிரை வாங்கித் தின்னத் தின்ன, அம்மாவே வந்து வாங்கிக்கொள்வதாகச் சிலர் கண்ணீர் விட்டார்கள். அந்த இடத்தில் யாரையும் தடுக்கத் தோன்றியிருக்காது. இந்த நிகழ்வைப் படிப்பவர்கள் அதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

மறுநாள் பாத்திரங்களைப் பார்த்து மகள் போட்ட கணக்கு: ஊறிய பச்சரிசி சுமார் 3 கிலோ, பொங்கல் சுமார் 2 கிலோ, வாழைப்பழம் இரண்டு சீப்பு. இதற்கு மேல் மாலை வேளைக் கொள்ளு வழக்கம்போல வைக்கப்பட்டது. உடல் எடை கிலோவுக்கு, ஒரு வேளைக்கு 1 கிராம் மாவுச்சத்து என்பது பாதுகாப்பான வரம்பாகக் கொள்ளப்படுகிறது. 350 கிலோ குதிரைக்கு 350 கிராம். அன்று உள்ளே போனது ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது.

சிறுகுடல் செரிக்கும் அளவுக்கு மேல் போகும் மாவுச்சத்து பெருங்குடலுக்கு இறங்கிவிடுகிறது. புல்லைச் செரிக்கவென்று அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் இந்த மாவைப் புளிக்கவைத்து லாக்டிக் அமிலம் உண்டாக்குகின்றன. வாயு சேர்ந்து வயிறு வலிக்கும். அமிலத்தால் குடலின் உட்சுவர் புண்ணாகி நச்சுப் பொருள்கள் ரத்தத்தில் கலக்கும். அதன் பின் தாக்கப்படுவது குளம்பு. குளம்புச் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கும் மெல்லிய தகடுகள் வீங்கிப் பிடி தளரும். குதிரையின் முழுப் பாரமும் அந்தப் பிடியில்தான் தொங்குகிறது.

அன்றிரவு

ராத்திரி 2 மணியளவில் தரையைக் காலால் பறிக்கும் சத்தம் கேட்டு மூத்தவர் எழுந்தார். குதிரை விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, படுத்தது, உடனே எழுந்தது. வியர்வை. தரையில் லத்தி இல்லை. காரியத்துக்கு வந்து தங்கியிருந்த மகள் தன் ஸ்டெதஸ்கோப்பை இடது முழங்கைக்குப் பின்னால் வைத்து எண்ணினார்: நிமிடத்துக்கு 60. ஓய்வில் இருக்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரைதான் இருக்க வேண்டும். விலாவில் வைத்தபோது எப்போதும் கேட்கும் குடல் இரைச்சல் வலது பக்கம் ஏறக்குறைய இல்லை.

உறவினர் ஒருவர் மோரில் பெருங்காயம் கரைத்து மூங்கில் குழாயால் ஊற்றச் சொன்னார். மகன் மறுத்தார். வலியில் இருக்கும் குதிரைக்கு அம்மா வாய்வழியே எதையும் ஊற்றியதில்லை என்பது மட்டுமே அவருக்குத் தெரிந்த காரணம். அன்று எடுத்த முடிவுகளில் இதுவே மிக முக்கியமானது. மிரண்டு தலையைத் தூக்கும் குதிரைக்கு ஊற்றுவது மூச்சுக்குழலுக்குள் இறங்கி நிமோனியா வரும். ஏற்கெனவே நிரம்பிய இரைப்பையில் இன்னும் ஒரு லிட்டர் எங்கே போகும்?

தீவனத் தொட்டியைக் காலி செய்தார்கள். புரளப் பார்த்தபோது மட்டும் பத்து நிமிடம் மெதுவாக நடத்தினார்கள். விடிய விடிய நடத்தினால் குணமாகும் என்பது தவறான நம்பிக்கை, குதிரையைக் களைப்பாக்கும், அவ்வளவுதான். கால்நடை மருத்துவரிடம் தொலைபேசியில் நாடித்துடிப்பு, லத்தி, தின்ற அளவு மூன்றையும் மகள் எண்களாகச் சொன்னதால் அவர் எதை எடுத்துவர வேண்டும் என்று தெரிந்தே கிளம்பினார்.

மருத்துவர் வந்தபின்

4 மணிக்கு மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விடப்பட்டது. புளித்த வாடையோடு அரிசிக் கஞ்சியும் வாயுவும் வெளியேறின. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கழுவி, அரை மணி கழித்து மறுபடி பார்த்தபோது எதுவும் மேலே வரவில்லை. அதன் பிறகே குழாய் வழியாக 2.5 லிட்டர் லிக்விட் பாராஃபின் என்ற மலமிளக்கி எண்ணெய் கொடுத்தார். இரைப்பையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருக்கும்போது எண்ணெய் கொடுக்கக் கூடாது. வலிக்கும் நச்சுக்கும் ஃப்ளூனிக்ஸின், கிலோவுக்கு 1.1 மில்லிகிராம், ரத்த நாளத்தில். எடையை நாடாவால் கணக்கிட்டார்கள்: நெஞ்சுச் சுற்றளவு 160 செ.மீ., நீளம் 162 செ.மீ.; சுற்றளவின் வர்க்கத்தை நீளத்தால் பெருக்கி 11,880 ஆல் வகுத்தால் சுமார் 349 கிலோ.

திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோவதா என்ற கேள்வி எழுந்தது. மருந்துக்கு அடங்காத வலி, இறங்காத நாடித்துடிப்பு, குழாயில் மறுபடி மறுபடி திரும்பிவருவது இவற்றில் ஒன்று இருந்தாலும் ஏற்றிவிடுவது என்று முன்கூட்டியே வரையறுத்து, வண்டிக்குச் சொல்லிவைத்தார்கள். 6 மணிக்கு நாடித்துடிப்பு 48, குடல் இரைச்சல் திரும்பியது. பயணம் தேவைப்படவில்லை. மதியம் எண்ணெய் கலந்த தளர்ந்த லத்தி வந்தது.

குளம்பு

கிளம்பும்போது மருத்துவர் சொன்ன கடைசி வார்த்தை, உடனே முன்னங்கால் இரண்டையும் ஐஸில் வைக்க வேண்டும் என்பது. குளம்பில் அப்போது எந்த அறிகுறியும் இல்லை. தானியம் அதிகமாகத் தின்ற குதிரைக்குக் குளம்பு நோய் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் வெளிப்படும், வெளிப்படும் முன் குளிரவைத்தால்தான் முழுப் பலன்.

இது நடக்கவில்லை. வயிறு சரியாகிவிட்டதே என்ற நிம்மதி ஒருபுறம். லேசான காய்ச்சல் இருந்த குதிரையின் காலில் ஐஸ் வைத்தால் ஜன்னி கண்டுவிடும் என்று பெரியவர்கள் சொன்னது இன்னொருபுறம். சாயங்காலம் மகள் கணுக்காலின் பின்புறம் இரண்டு பக்கமும் விரல் வைத்துப் பார்த்தபோது, வழக்கமாகத் தேடித்தான் பிடிக்க வேண்டிய நாடி விரலைத் தட்டியது. குளம்பு சூடு. குதிரை முன்னங்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னங்கால்களில் தாங்கி நின்றது. சுமார் 12 மணி நேரம் கை நழுவியிருந்தது.

அதன் பின் தாமதிக்கவில்லை. லாரி டியூபை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, அடியில் மடித்துக் கட்டி, குளம்போடு காலில் மாட்டினார்கள். மீன் மார்க்கெட்டுக்குப் போகும் ஐஸ் பாரை வாங்கி உடைத்துத் தண்ணீரோடு கலந்து நிரப்பினார்கள். ஐஸ் மட்டும் போட்டால் தோலோடு ஒட்டாமல் இடைவெளி விழும், தண்ணீர் கட்டாயம். ஒன்றரை மணிக்கு ஒருமுறை நிரப்பி, 48 மணி நேரம் முறைபோட்டுக் காத்தார்கள். ஜன்னி பயம் காட்டிய பெரியவரும் ஒரு முறைக்கு உட்கார்ந்தார்.

நான்காம் நாள் லாடக்காரர் ஒவ்வோர் ஆணியாகத் தனித்தனியே உருவி லாடத்தைக் கழற்றினார். பட்டறையில் செய்வதுபோல மொத்தமாக நெம்பினால் வலியும் சேதமும் கூடும். தொலைக்காட்சிப் பெட்டியோடு வரும் 5 செ.மீ. தெர்மாகோலைக் குளம்பின் வடிவத்துக்கு வெட்டி அடியில் டேப் சுற்றிக் கட்டினார்கள். நின்றவுடன் அது அமுங்கி உள்ளங்குளம்புக்கு முட்டுக் கொடுக்கும். தரையில் முக்கால் அடிக்கு மணல்.

மூன்றாம் வாரம் எடுத்த எக்ஸ்ரேயில் குளம்பு எலும்பு லேசாகச் சாய்ந்திருந்தது. கொள்ளு முற்றாக நிறுத்தப்பட்டது. காய்ந்த புல்லை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, சர்க்கரையை வடித்துவிட்டுப் போட்டார்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை குளம்பின் முனை சீவப்பட்டது. ஐந்தாம் மாதம் கெட்டித் தரையில் நொண்டாமல் நடந்தது. ஊர்வலத்துக்கு இனி அனுப்புவதில்லை.

குதிரைகளின் எதிர்காலம்

ஆடியில் அந்தியூர்க் குதிரைச் சந்தை கூடும். தரகர்கள் பத்தாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். காரியம் முடியும் வரை பேச்சில்லை என்று மூத்தவர் திருப்பி அனுப்பியது நல்ல முடிவு. துக்கத்தின் நடுவில் பேசிய விலை எதுவும் நியாயமாக இருக்காது.

ஐப்பசியில் உட்கார்ந்து பேசியபோது முதன்முறையாக அம்மாவின் உழைப்பைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஒரு குதிரைக்குப் புல் அறுப்பு, சாணி வாரல், தண்ணீர், தேய்ப்பு, குளம்பு சுத்தம் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஏறக்குறைய 2 மணி நேரம். நான்குக்கு 8 மணி. அதற்கு மேல் வீட்டுச் சமையலும் பேரப்பிள்ளைகளும். இந்த எட்டு மணி நேரத்துக்குக் கூலி போட்டால் தொழிலில் லாபமே இல்லை. இத்தனை ஆண்டு லாபம் என்று குடும்பம் எண்ணியது அம்மாவின் கூலியை. இதுபோல் குதிரையோ மாடோ வைத்திருக்கும் எந்த வீட்டிலும் அம்மாக்கள் உயிரோடு இருக்கும்போதே போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

ஒரு வெள்ளைக் குதிரையையும் குட்டியையும் தெரிந்த வீட்டுக்கு விற்றார்கள். மற்றொரு வெள்ளைக் குதிரையும் பெண் குதிரையும் தங்கின. பெண் குதிரையை விற்காததற்குக் காரணம் பாசம் மட்டும் இல்லை. குளம்பு நோய் கண்ட குதிரையை வாங்குபவர் அதை மறைத்து வேலை வாங்குவார் என்ற பயமும் உண்டு.

என்ன மாறியது

கொட்டகையைச் சுத்தம் செய்தபோது கொள்ளு அளக்கும் அலுமினியப் பாத்திரத்தை மருமகள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உட்புறம் ஆணியால் கீறிய இரண்டு கோடுகள். மேல் கோடு வரை அளந்து தராசில் வைத்தால் அரைக் கிலோ, கீழ்க் கோடு வரை கால் கிலோ. முகூர்த்த மாத வேளையும் ஆடி, மார்கழி வேளையும் அங்கே இருந்தன. மகன் இரண்டு வாரம் அளந்ததும் அதே பாத்திரம்தான். சுவரில் தொங்கிய பழைய மாதக் காலண்டர்களில் 40, 45 நாளுக்கு ஒருமுறை ‘லா’ என்ற எழுத்து: லாடம் மாற்றிய நாள். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின வாரம் ஒரு புள்ளி. அது ஆண்டுக்கொரு முறை போடும் டெட்டனஸ் தடுப்பூசி என்று மகள் கண்டுபிடித்தார். அந்த ஆண்டும் ஊசி போட்டிருந்ததால் லாடம் கழற்றியபோது டெட்டனஸ் பயம் இல்லாமல் போயிற்று.

இவையெல்லாம் இப்போது ஒரு நீள நோட்டில் மருமகள் கையெழுத்தில் இருக்கின்றன. தீவன அளவு மாதவாரியாக, எடைக் கணக்கோடு. முதல் பக்கத்தில் நாடித்துடிப்பு, மூச்சு, உடல் வெப்பம் ஆகியவற்றின் இயல்பான எண்களும் மருத்துவர் எண்ணும். கொட்டகை வாசலில் ‘வெளியார் தீனி கொடுக்க வேண்டாம்’ என்ற பலகை. திருவிழா, காரியம் எதுவானாலும் கூட்டம் கூடும் நாளில் குதிரைக்குப் பக்கத்தில் வீட்டு ஆள் ஒருவர். முதலாண்டுத் திதிக்கு வந்தவர்களிடம் ஆளுக்கொரு பிடி அருகம்புல் கொடுத்து, அதைப் பெண் குதிரைக்கு நீட்டச் சொன்னார்கள். யாருக்கும் மனக்குறை இல்லை.

மருத்துவர் தன் பங்குக்கு மாற்றிக்கொண்டதும் ஒன்று உண்டு. ஐஸ் வைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பாமல், முதல் முறை தானே நின்று வைத்துக் காட்டிவிட்டுக் கிளம்புகிறார்.

நோட்டில் இன்னும் நிரம்பாத பக்கங்கள் உண்டு. குட்டி ஈனும் ராத்திரியை அம்மா முன்கூட்டியே சொல்லிவிடுவார் என்று எல்லோருக்கும் நினைவிருக்கிறது. மடிக்காம்பில் மெழுகு படிவதைப் பார்த்தாரா, வால் அடிச் சதை தளர்வதைத் தொட்டுப் பார்த்தாரா என்று யாரும் கேட்டுவைக்கவில்லை. குளம்பும் முழுதாகத் தேறவில்லை என்பதால், பெண் குதிரையைப் பொலிக்கு விடுவதில்லை என்று குடும்பம் தீர்மானித்திருக்கிறது.